அப்லோடு சாஃப்ட்வேருக்குள்ளேயே எஃப்டிபி பாஸ்வேர்டை வைத்துக் கொடுக்கலாமா?

#1 கொங்கு_கோடர்

வணக்கம்ங்க. கோயம்புத்தூர் பக்கம் இருக்கிற ஒரு ஆல்பம் பிரிண்டிங் லேபுக்கு அப்லோடு சாஃப்ட்வேர் எழுதிட்டு இருக்கேன். சி ஷார்ப், டாட்நெட் 8, விண்டோஸ் மட்டும்.

இந்த லேபுக்கு ஆல்பம் அனுப்புற ஸ்டூடியோ இருநூறுக்கு மேல இருக்கு. 12×36 ஷீட், 300 டிபிஐ, ஒரு ஷீட்டே 20-25 எம்பி வரும். 40 ஷீட் ஆல்பம்னா கிட்டத்தட்ட 1 ஜிபி. இப்போ எல்லாரையும் ஃபைல்ஜில்லாங்கிற எஃப்டிபி (நெட் வழியா ஃபைல் அனுப்புற முறை) சாஃப்ட்வேரை இன்ஸ்டால் பண்ணச் சொல்லி, எல்லாருக்கும் ஒரே யூசர், ஒரே பாஸ்வேர்டை வாட்ஸப்ல அனுப்புறாங்க. போன சீசன்ல ஒருத்தர் சர்வர் பக்கம் இருக்கிற ஃபோல்டரைத் தெரியாம இழுத்து இன்னொரு ஃபோல்டருக்குள்ள போட்டுட்டார். அந்த ஆர்டரைத் தேடி லேப் ஆளுங்க ராத்திரி பூரா முழிச்சிருந்தாங்க.

அதனால ஓனர் கேட்கிறது: ஐகானைத் திறக்கணும், ஃபோல்டரை இழுத்துப் போடணும், அனுப்பு பட்டன், அவ்வளவுதான். லாகின் ஸ்கிரீனே கூடாதுங்கிறார். "பாஸ்வேர்டு கேட்டா போன் மேல போன் போடுவாங்க தம்பி"ன்னு சொல்றார். ஹோஸ்ட், யூசர், பாஸ்வேர்டு மூணையும் ஏஇஎஸ் 256ங்கிற பூட்டு முறையில என்கிரிப்ட் பண்ணி இஎக்ஸ்இக்குள்ளேயே (சாஃப்ட்வேர் ஃபைலுக்குள்ளேயே) வெச்சிடலாம்னு இருக்கேன். ஆவணி முகூர்த்தத்துக்கு முன்னாடி கொடுக்கணும். இது போதுமாங்க?

#2 சர்வர்_ரூம்

போதாது தம்பி. ரிலீஸ் பண்ணுவதற்கு முன் கேட்டது நல்லது.

எஃப்டிபி என்பது 1985ல் ஆர்எஃப்சி 959 என்ற இணையத் தர ஆவணமாக எழுதப்பட்ட நெறிமுறை. பாஸ்வேர்டை அப்படியே எழுத்து எழுத்தாக நெட்வொர்க்கில் அனுப்பும். நீங்கள் இஎக்ஸ்இக்குள் எந்தப் பூட்டு போட்டாலும், சர்வரிடம் பேசும் நேரத்தில் உங்கள் சாஃப்ட்வேரே அதைத் திறந்து வெளியே சொல்லித்தான் ஆக வேண்டும்.

உங்கள் மெஷினிலேயே பாருங்கள். நெட்வொர்க்கில் போவதைப் படித்துக் காட்டும் வயர்ஷார்க் கருவியைத் திறந்து, எஃப்டிபி என்று ஃபில்டர் போட்டு, ஒரு ஃபைலை அப்லோடு செய்யுங்கள். சர்வர் 220 என்று வரவேற்கும். அடுத்த வரியில் யூசர் என்ற கட்டளையும் உங்கள் யூசர் பெயரும். சர்வர் 331 என்று பாஸ்வேர்டு கேட்கும். அதற்கடுத்த வரியில் பாஸ் என்ற கட்டளை, பக்கத்திலேயே முழு பாஸ்வேர்டு. பிறகு 230, உள்ளே வந்தாயிற்று. உங்கள் ஏஇஎஸ் 256 அந்தத் திரையில் எங்கேயும் தெரியாது.

இது உங்கள் லேபுக்கு மட்டும் உள்ள பழக்கம் இல்லை. மென்பொருளுக்குள் லாகின் விவரத்தைப் பதிப்பதற்கு சிடபிள்யூஇ 798 என்று தனி எண்ணே கொடுத்து, மைட்டர் நிறுவனம் மிக ஆபத்தான 25 பலவீனங்களின் பட்டியலில் 2019 முதல் 2024 வரை வருஷா வருஷம் சேர்த்தது.

#3 பழைய_பைட்

சர்வர்_ரூம் சார் சொல்வது எஃப்டிபிக்குச் சரி. எஃப்டிபிஎஸ் (என்கிரிப்ட் செய்து அனுப்பும் எஃப்டிபி) போட்டால் வயர்ஷார்க்கில் தெரியாதே? விபி6 காலத்திலிருந்து இந்த மாதிரி சாஃப்ட்வேர் எழுதிக் கொடுக்கிறேன். கோடைப் படிக்க முடியாதபடி குழப்பும் அப்ஃபஸ்கேட்டர் போட்டு, பாஸ்வேர்டைத் துண்டு துண்டாகப் பிரித்து வைத்து, எஃப்டிபிஎஸ் வழியாக அனுப்பினால் ஒரு ஆல்பம் லேபுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்கள் போட்டோகிராஃபர்கள். முகூர்த்தம் முடிந்து விடியற்காலையில் வந்து, கார்டு காப்பி போட்டுவிட்டுத் தூங்கப் போகிற ஆட்கள். அவர்களா உட்கார்ந்து இஎக்ஸ்இயைப் பிரிக்கப் போகிறார்கள்? பாதுகாப்பு பாதுகாப்பு என்று நாலு ஸ்கிரீன் வைத்தால் உங்கள் சாஃப்ட்வேரை மூடிவிட்டு டிரைவ் லிங்க் அனுப்புவார்கள். அதையும் யோசியுங்கள்.

#4 தாழ்_திறவு

என் வேலையே மற்றவர்களுடைய சாஃப்ட்வேரை அனுமதியோடு உடைத்துப் பார்ப்பது. அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

சி ஷார்ப்பில் எழுதி கம்பைல் செய்த ஃபைலை (அசெம்பிளி) ஐஎல்ஸ்பை என்ற இலவசக் கருவியில் இழுத்துப் போட்டால், கிட்டத்தட்ட நீங்கள் எழுதிய சோர்ஸ் கோடு அப்படியே திரும்ப வரும். கிளாஸ் பெயர், ஃபங்ஷன் பெயர் எல்லாம் வரும். ஏஇஎஸ்ஸைத் திறக்கும் சாவியும் அதே கோடுக்குள்தானே இருக்கிறது? இல்லையென்றால் சாஃப்ட்வேர் ஓடாது. அப்ஃபஸ்கேட்டர் போட்டால் பெயர்கள் குழம்பும், படிப்பது மெதுவாகும், ஆனால் சாவி அங்கேயேதான் இருக்கும். அதையும் நான் படிக்க வேண்டியதில்லை. பாஸ்வேர்டை எடுத்து லாகின் லைப்ரரியிடம் கொடுக்கும் அந்த ஒரு வரியில், ஓடும் சாஃப்ட்வேரை நடுவில் நிறுத்திப் பார்க்கும் டீபக்கர் கருவியால் நிறுத்தினால், வேரியபிளில் பாஸ்வேர்டு விரித்து வைத்த மாதிரி தெரியும். துண்டு துண்டாகப் பிரித்ததை உங்கள் சாஃப்ட்வேரே எனக்காக ஒட்டிக் கொடுத்திருக்கும். நேட்டிவ் ஏஓடி முறையில் (நேரடி மெஷின் கோடாக) கம்பைல் செய்தால் இன்னும் கொஞ்சம் நேரம் பிடிக்கும். வித்தியாசம் அவ்வளவுதான்.

எஃப்டிபிஎஸ் விஷயம். சர்வர் உண்மையானதுதானா என்று காட்டும் சான்றிதழில் எர்ரர் வருகிறது என்று, அந்தச் சான்றிதழைச் சரிபார்க்கும் இடத்தில் எதுவந்தாலும் சரி என்று திருப்பிவிடும் கோடை நிறைய அப்லோடர்களில் பார்த்திருக்கிறேன். அப்படி இருந்தால் விண்டோஸின் ஹோஸ்ட்ஸ் ஃபைலில் ஒரு வரி சேர்த்து, உங்கள் சர்வர் பெயரை என் மெஷினுக்குத் திருப்பினால் போதும். சாஃப்ட்வேர் தானாகவே வந்து என்னிடம் பாஸ்வேர்டைச் சொல்லும். சான்றிதழைச் சரியாகச் சோதித்தால் இந்த வழி அடைபடும், டீபக்கர் வழி அடைபடாது.

@பழைய_பைட் சார், போட்டோகிராஃபர் இதைச் செய்ய மாட்டார் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவருடைய கம்ப்யூட்டரில் இருக்கும் மால்வேர் செய்யும். 2009ல் கம்ப்ளர் என்ற மால்வேர் பரவியது ஞாபகம் இருக்கும். வீட்டு, ஆபீஸ் கம்ப்யூட்டர்களிலிருந்து எஃப்டிபி பாஸ்வேர்டுகளைத் திருடி, அதை வைத்தே வெப்சைட்களுக்குள் போய்த் தன் கோடைச் செருகி, அங்கே வருபவர்களுக்கும் தொற்றிக்கொண்டது. ஃபைல்ஜில்லாவும் பல வருஷம் பாஸ்வேர்டுகளைச் சாதாரண எக்ஸ்எம்எல் ஃபைலில்தான் வைத்திருந்தது. மாஸ்டர் பாஸ்வேர்டு வசதி 2017ல்தான் வந்தது. அந்த எக்ஸ்எம்எல்லைத் தேடி எடுப்பதற்கென்றே எழுதிய திருட்டு மென்பொருள்கள் இன்றும் சுற்றுகின்றன.

யாரும் யோசிக்காத இன்னொரு வழி: உங்கள் இஎக்ஸ்இக்கு டிஜிட்டல் கையொப்பம் இல்லையென்றால் விண்டோஸ் எச்சரிக்கை காட்டும். ஜாக்கிரதையான ஸ்டூடியோக்காரர் என்ன செய்வார்? வைரஸ்டோட்டல் என்ற வைரஸ் சோதனைத் தளத்தில் போட்டுப் பார்ப்பார். அங்கே ஏற்றிய ஃபைலைக் கட்டணச் சந்தா வைத்திருப்பவர்கள் டவுன்லோடு செய்துகொள்ள முடியும். நல்ல எண்ணத்தில் அவர் செய்த அந்த ஒரு காரியத்தில் லேபின் பாஸ்வேர்டு வெளியே போய்விடும்.

#5 நெல்லை_ஸ்டூடியோ

ஐயா, எனக்குக் கோடு எல்லாம் தெரியாது. திருநெல்வேலியில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். லேபுக்கு அனுப்புகிற பக்கம் உட்கார்ந்திருப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்லலாமா?

நான் கொடுக்கிற ஒரு லேபில் (பெயர் வேண்டாம்) இதே மாதிரி எல்லாருக்கும் ஒரே எஃப்டிபிதான். உள்ளே போனால் என் ஃபோல்டருக்கு மேலேயும் கீழேயும் மற்ற ஸ்டூடியோக்காரர்களின் ஃபோல்டர் வரிசையாக நிற்கும். ஃபோல்டர் பெயரிலேயே மாப்பிள்ளை பெயர், பொண்ணு பெயர், தேதி, மண்டபம் எல்லாம் இருக்கும். திறந்தால் போட்டோ. என்னால் அவர்களுடையதைப் பார்க்க முடிகிறது என்றால் என்னுடையதை அவர்களும் பார்க்கலாம்தானே? லேபில் சொன்னேன். "யாரும் பார்க்க மாட்டாங்க அண்ணாச்சி, எல்லாம் நம்ம ஆளுங்கதான்" என்றார்கள்.

கல்யாண வீட்டில் எங்களை மணப்பெண் அறை வரைக்கும் விடுகிறார்கள். அலங்காரம் நடக்கும்போது, தாலி கட்டுகிற நேரத்தில் பொண்ணு அழும்போது, அம்மாவைக் கட்டிக்கொண்டு நிற்கும்போது, எல்லாம் எங்கள் கேமராவில் இருக்கிறது. "வெளியே எங்கேயும் போடக் கூடாது தம்பி" என்று பொண்ணின் அப்பா கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போவார். நான் சரி என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். அந்த வாக்கை லேபில் இருக்கிற ஒரு பாஸ்வேர்டு உடைத்துவிடும் என்றால் எனக்கு அது சின்ன விஷயம் இல்லை.

தொழில் பக்கமும் இருக்கிறது. எந்த மண்டபத்தில் எந்தக் கல்யாணம் எடுத்தோம், டிசைன் எப்படிச் செய்தோம் என்று அடுத்த ஊர் ஸ்டூடியோ பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

#6 சர்வர்_ரூம்

அண்ணாச்சி சொன்னதுதான் இந்த இழையின் மையம் என்று நினைக்கிறேன். பாஸ்வேர்டு யார் கண்ணில் படும் என்பது ஒரு கேள்வி. கண்ணில் பட்டால் அதை வைத்து என்னென்ன செய்யலாம் என்பது இன்னொரு கேள்வி. கொங்கு_கோடர் முதல் கேள்வியில் மட்டும் நிற்கிறார். இரண்டாவதுதான் பெரியது.

இப்போது அந்த ஒரே பாஸ்வேர்டுக்கு என்னென்ன அதிகாரம்? இருநூறு ஸ்டூடியோவின் ஃபைலையும் படிக்கலாம், அழிக்கலாம், மாற்றலாம். 40 ஷீட்டில் ஒரு ஷீட்டை மட்டும் வேறு படத்தால் மாற்றி வைத்தால் பிரிண்ட் ஆகிக் கல்யாண வீட்டுக்குப் போகும் வரை யாருக்கும் தெரியாது. லாகைப் பார்த்தால் எல்லா வரியிலும் ஒரே யூசர் பெயர். யார் செய்தது என்று கண்டுபிடிக்க ஐபி முகவரி மட்டும்தான் மிஞ்சும். மொபைல் ஹாட்ஸ்பாட்டில் அப்லோடு செய்பவர்களுக்கு அதுவும் உதவாது.

இதைவிட எனக்குப் பயம் தருவது வேறு. சாஃப்ட்வேருக்குள் பதித்த பாஸ்வேர்டை மாற்றவே முடியாது. மாற்றினால் அந்த நிமிஷமே இருநூறு ஸ்டூடியோவிலும் அப்லோடு நின்றுவிடும், எல்லாரும் புதிய வெர்ஷன் இன்ஸ்டால் செய்யும்வரை. சீசனில் எந்த ஓனர் அதற்குச் சம்மதிப்பார்? கசிந்தது தெரிந்தாலும் "முகூர்த்தம் முடியட்டும்" என்பார். முகூர்த்தம் முடிந்தால் அடுத்தது வந்துவிடும்.

டொயோட்டா கதையைப் பாருங்கள். காரை நெட்டோடு இணைக்கும் அவர்களுடைய டி-கனெக்ட் சேவையின் சோர்ஸ் கோடில் ஒரு பகுதி 2017 டிசம்பரில், கோடு சேமிக்கும் கிட்ஹப் தளத்தில் பொதுவெளிக்குப் போய்விட்டது. டேட்டா சர்வருக்கான சாவி அந்தக் கோடுக்குள்ளேயே இருந்தது. கவனித்தது 2022 செப்டம்பரில். ஏறக்குறைய ஐந்து வருஷம், 2,96,019 வாடிக்கையாளர்களின் மின்னஞ்சல் முகவரிகள் அந்தச் சாவிக்கு எட்டும் தூரத்தில் கிடந்தன.

அப்லோடு பாஸ்வேர்டு என்றால் சோலார்விண்ட்ஸ் என்ற அமெரிக்க மென்பொருள் நிறுவனம்தான் நேரடி உதாரணம். தங்கள் மென்பொருள் டவுன்லோடு சர்வருக்கான எஃப்டிபி லாகின் யாரும் பார்க்கக்கூடிய கிட்ஹப் ரெப்போவில் (கோடு சேமிப்பில்) கிடந்ததை வினோத் குமார் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் 2019 நவம்பரில் அந்த நிறுவனத்துக்குத் தெரிவித்தார். பாஸ்வேர்டு, நிறுவனத்தின் பெயரோடு 123. ஒரு சோதனை ஃபைலை ஏற்றிக் காட்டியே நிரூபித்தார். அந்த சர்வரில் எதையாவது வைத்தால் அதை நம்பி டவுன்லோடு செய்கிறவர்கள் உலகம் முழுக்க இருந்தார்கள். 2020 டிசம்பரில் வெளியே தெரிந்த பெரிய தாக்குதல் அவர்களுடைய பில்டு சிஸ்டம் (கோடை மென்பொருளாகக் கட்டும் அமைப்பு) வழியாக நடந்தது, அதற்கும் இந்த பாஸ்வேர்டுக்கும் தொடர்பு இருந்ததாக நிரூபணம் இல்லை. ஆனாலும் 2021 பிப்ரவரியில் அமெரிக்க காங்கிரஸ் விசாரணையில் இந்த பாஸ்வேர்டைப் பற்றிப் பதில் சொல்ல வேண்டி வந்தது. ஒரு இன்டர்ன் செய்த தவறு என்றார்கள்.

#7 கொங்கு_கோடர்

அண்ணாச்சி சொன்னதைப் படிச்சப்புறம் மனசு கேட்கலைங்க. இந்தக் கோணத்துல யோசிக்கவே இடம் கொடுக்காம ஓனர் அவசரப்படுத்திட்டு இருந்தார்.

ஒரு சந்தேகம்ணா. பாஸ்வேர்டை இஎக்ஸ்இக்குள்ள வைக்காம, சாஃப்ட்வேர் ஸ்டார்ட் ஆகும்போது நம்ம வெப் சர்வர்ல இருந்து வாங்கிக்கிட்டா? மாத்தணும்னா சர்வர்ல மாத்திக்கலாமில்லீங்களா? இல்லைன்னா ரகசியத்தைப் பூட்டி வைக்கிற விண்டோஸோட டிபிஏபிஐ வசதியில வெச்சா?

#8 தாழ்_திறவு

சர்வரிலிருந்து வாங்கினால் மாற்றும் பிரச்சினை தீரும். அது நிஜமான முன்னேற்றம்தான். ஆனால் உங்கள் சாஃப்ட்வேர் கேட்டால் கொடுக்கும் சர்வர், அதே மாதிரி கேட்கும் என் ஸ்கிரிப்டுக்கும் கொடுக்கும். எல்லாருக்கும் அதே பாஸ்வேர்டு என்றால் அண்ணாச்சி சொன்ன பிரச்சினை அப்படியே இருக்கிறது.

டிபிஏபிஐ நல்ல வசதி. அந்த விண்டோஸ் யூசர் கணக்கோடு கட்டிப்போட்டு ரகசியத்தை வைக்கும். ஃபைலைக் காப்பி அடித்து வேறு மெஷினுக்குக் கொண்டுபோனால் திறக்காது. ஆனால் அது யூசருடைய ரகசியத்தை வெளியாட்களிடமிருந்து காப்பாற்றத்தான். லேபின் ரகசியத்தை அந்த யூசரிடமிருந்தே மறைக்க உதவாது. அதே யூசராக ஓடும் மால்வேரும் அதைத் திறக்கலாம்.

2017ல் வந்த ஆர்எஃப்சி 8252, யூசர் மெஷினில் இன்ஸ்டால் ஆகும் ஆப்களுக்கு ஓஆத் என்ற அனுமதி முறையை எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்கிறது. எல்லாருக்கும் விநியோகிக்கும் ஆப்புக்குள் வைத்த ரகசியத்தை ரகசியமாகவே கருதக் கூடாது என்பது அதன் அடிப்படை. உங்கள் அப்லோடரும் அதே நிலைமையில்தான் இருக்கிறது. லேபின் பாஸ்வேர்டு அதற்குள் போகவே கூடாது.

#9 ஆண்ட்ராய்டு_ராசா

மொபைல் பக்கத்திலிருந்து ஒரு தகவல். 2022 செப்டம்பரில் சிமான்டெக் வெளியிட்ட ஆய்வில் அமேசான் கிளவுட் சாவிகள் உள்ளேயே பதிக்கப்பட்ட 1,859 ஆப்கள் சிக்கின. 98 சதவீதம் ஐஓஎஸ் ஆப்கள். 77 சதவீதத்தில் அந்தச் சாவி உயிரோடு இருந்தது. கிட்டத்தட்ட பாதியில் அதை வைத்து அமேசானின் எஸ்3 ஃபைல் கிடங்கில் இருந்த தனிப்பட்ட ஃபைல்களை எல்லாம் திறக்க முடிந்தது. பாதிக்கு மேற்பட்ட ஆப்களில் இருந்த சாவி வேறு ஆப்களிலும் இருந்தது. டெவலப்பர் கையால் பதிக்கவே இல்லை, வெளியிலிருந்து எடுத்துப் போட்ட எஸ்டிகேவோடு (மற்றவர்கள் எழுதிய கோடுத் தொகுப்போடு) வந்தது. அதனால் நீங்கள் சேர்க்கிற லைப்ரரிகளையும் ஒருமுறை பாருங்கள்.

அப்லோடுக்கு நாங்கள் பயன்படுத்துவது ப்ரீசைன்டு யூஆர்எல். சாவி எங்கள் சர்வரில் மட்டும் இருக்கும். ஆப் வந்து "இந்த ஃபைலை ஏற்றணும்" என்று கேட்கும். சர்வர் அந்த ஒரு ஃபைலுக்கு, அந்த ஒரு இடத்துக்கு, ஏற்றுவதற்கு மட்டும் செல்லுகிற ஒரு லிங்க் போட்டுக் கொடுக்கும். அதிகபட்சம் 7 நாள் வரை வைக்கலாம், நாங்கள் ஒரு மணி நேரத்துக்கு மேல் கொடுப்பதில்லை. அந்த லிங்க் திருடுபோனாலும் வேறு யாருடைய ஃபைலையும் படிக்க முடியாது, பட்டியலும் எடுக்க முடியாது. பெரிய ஃபைலை மல்டிபார்ட் முறையில் துண்டு துண்டாக ஏற்றலாம், நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஒரு துண்டு குறைந்தபட்சம் 5 எம்பி, கடைசித் துண்டுக்கு மட்டும் அந்தக் கட்டுப்பாடு இல்லை.

#10 பழைய_பைட்

யோசனை பிடித்திருக்கிறது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். எஸ்3க்கு ஏற்றுவது இலவசம். லேப் பிரிண்ட் போட அதையெல்லாம் கீழே இறக்க வேண்டுமே? மாதம் 100 ஜிபி வரைதான் இலவசம். சீசனில் ஒரு நாளைக்கு 30, 40 ஆல்பம் வரும் லேப் அதை மூன்று நாளில் தாண்டிவிடும். அதற்கப்புறம் ஒவ்வொரு ஜிபிக்கும் பில். கோயம்புத்தூர் ஓனர் அந்த பில்லைப் பார்த்துவிட்டு, "பழையபடியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டால் நாம் இத்தனை பேர் எழுதியது வீண்.

லேபிலேயே ஒரு லினக்ஸ் மெஷினும் நல்ல ஃபைபர் கனெக்ஷனும் இருக்கும். அதிலேயே டஸ் என்ற அப்லோடு நெறிமுறையின் சர்வரை ஓட்டலாமே. இலவசம், ஓப்பன் சோர்ஸ், எச்டிடிபிஎஸ் மேல் ஓடும், நெட் விட்டு விட்டு வந்தாலும் தொடரும். தாலுகா ஊரில் இருக்கும் ஸ்டூடியோவுக்கு அந்தத் தொடரும் வசதி இல்லாமல் எந்த அப்லோடரும் நிற்காது.

லாகின் விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். தினமும் பாஸ்வேர்டு டைப் பண்ணச் சொன்னால் மானிட்டரில் ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்கள்.

#11 சர்வர்_ரூம்

பழைய_பைட் சொல்லும் டஸ் வழி இந்த லேபுக்குப் பொருத்தம். லாகினும் ஒரே ஒருமுறைதான், அதுவும் பாஸ்வேர்டு இல்லாமல்.

லேபில் புதிய ஸ்டூடியோவைச் சேர்க்கும்போது சர்வர் ஒரு ஆக்டிவேஷன் கோடு கொடுக்கும். அதை போனில் சொல்லலாம், வாட்ஸப்பில் அனுப்பலாம். ஒருமுறைதான் செல்லும், ஒரு நாளில் காலாவதி, நாலைந்து தடவை தப்பாகப் போட்டால் செத்துவிடும். ஸ்டூடியோக்காரர் முதல்முறை திறக்கும்போது அதைப் போடுவார். பதிலுக்கு அந்த மெஷினுக்கென்று நீளமான ஒரு டோக்கனை (அடையாள எழுத்துத் தொடரை) சர்வர் கொடுக்கும். இங்கேதான் டிபிஏபிஐ வேண்டும், டோக்கனை அதில் வையுங்கள். சர்வரில் அதன் ஹாஷை (திருப்பி எடுக்க முடியாத சுருக்கத்தை) மட்டும் வையுங்கள். அதன் பிறகு ஓனர் கேட்டபடியே இழுத்துப் போடு, அனுப்பு.

இதில் ஒரு இடத்தில் கவனம் தேவை. எந்த ஸ்டூடியோ என்பதை சாஃப்ட்வேர் சொல்லக் கூடாது. டோக்கனைப் பார்த்து சர்வரே முடிவு செய்ய வேண்டும். "நான் 57ம் நம்பர் ஸ்டூடியோ" என்று ஆப் அனுப்பி சர்வர் நம்பினால், 58 என்று மாற்றிப் போட்டு அடுத்தவர் ஃபோல்டருக்குள் போய்விடலாம். டோக்கனுக்குப் பட்ட பாடெல்லாம் போச்சு. ஃபைல் பெயரும் அப்படித்தான். இரண்டு புள்ளி, ஸ்லாஷ் என்று பெயருக்குள் வைத்து அனுப்பினால் மேல் ஃபோல்டருக்கு ஏறும். சர்வரில் சேமிக்கும் பெயரை சர்வரே வைக்கட்டும், ஒரிஜினல் பெயர் டேட்டாபேஸில் இருக்கட்டும்.

டோக்கன் திருடுபோகாது என்று நான் சொல்லவில்லை. திருடுபோனால் அந்த ஒரு ஸ்டூடியோ பெயரில் புதிய ஆல்பம் ஏற்றலாம், அவ்வளவுதான். அந்த ஒரு டோக்கனை ரத்து செய்தால் மற்ற எல்லாருடைய வேலையும் அதுபாட்டுக்கு நடக்கும்.

#12 கொங்கு_கோடர்

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். ஓனர்கிட்ட பேசினேன். ஆக்டிவேஷன் கோடு ஒரே தடவைதான்னு சொன்னதும் ஒத்துக்கிட்டார். ஆனா முழுசா எழுதி முடிக்க ஆவணி தாண்டிடும். அதுவரைக்கும் இப்ப ஓடுற எஃப்டிபியை என்ன பண்றதுங்கண்ணா? விஎஸ்எஃப்டிபிடிங்கிற எஃப்டிபி சர்வர்தான் ஓடுது.

#13 சர்வர்_ரூம்

இன்று ராத்திரியே செய்யக்கூடியது: விஎஸ்எஃப்டிபிடியில் டவுன்லோடையும் ஃபைல் பட்டியலையும் தனித்தனியாக நிறுத்தும் செட்டிங் உண்டு. இரண்டையும் நிறுத்துங்கள். அழிக்கும் கட்டளையையும் பெயர் மாற்றும் கட்டளையையும் தடை செய்யும் பட்டியலில் சேருங்கள். ஃபோல்டரை இழுத்து வேறிடத்தில் போடும் விபத்து அதோடு நிற்கும். டிஎல்எஸ் (என்கிரிப்ட் செய்த இணைப்பு) இல்லாமல் லாகின் கூடாது என்றும் வையுங்கள். ஃபைல்ஜில்லாவுக்கு அது தெரியும், தானாகப் பேசிக்கொள்ளும்.

அதே பெயரில் மறுபடி ஏற்றி மேலெழுதுவதை இது தடுக்காது. அதற்கு, முழுதாக வந்து சேர்ந்த ஆர்டர்களைச் சில நிமிஷத்துக்கு ஒருமுறை எஃப்டிபி ஃபோல்டருக்கு வெளியே தானாக நகர்த்தும் கிரான் (நேரம் குறித்து ஓடும் வேலை) ஒன்று போடுங்கள். உள்ளே இருப்பது எப்போதும் அந்த நேரத்தில் ஏறிக்கொண்டிருப்பது மட்டும்தான் என்றாகிவிடும். யாராவது குப்பையை ஏற்றி டிஸ்க்கை நிரப்பாமல் இருக்க கோட்டா (இட வரம்பு) வையுங்கள்.

முக்கியமாக, அந்த எஃப்டிபி ஃபோல்டர் வெப்சைட் ஃபோல்டருக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எவராவது ஒரு பிஎச்பி ஃபைலை ஏற்றி, பிரவுசரில் திறந்து, சர்வரையே கையில் எடுத்துக்கொள்ளலாம். இதை மட்டும் நாளைக்குத் தள்ளிப்போடாதீர்கள்.

#14 தாழ்_திறவு

கோடு, மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டில் இருக்கிறதா? பாஸ்வேர்டு ஒருமுறை கமிட் (பதிவு) ஆகியிருந்தால், அந்த வரியை அழித்துப் புதிய கமிட் போட்டாலும் ஹிஸ்டரியில் இருக்கும். முதலில் பாஸ்வேர்டை மாற்றுங்கள், ஹிஸ்டரியைச் சுத்தம் செய்வது அதற்கப்புறம். பிரைவேட் ரெப்போதானே என்று விட்டுவிடாதீர்கள். 2016ல் உபரில் 5.7 கோடிப் பேரின் விவரம் போனது, உள்ளே நுழைந்தவர்கள் பிரைவேட் ரெப்போவில் கண்டெடுத்த அமேசான் சாவியால்தான். கிட்லீக்ஸ் என்ற இலவசக் கருவி ஹிஸ்டரி முழுவதையும் அலசிச் சொல்லும்.

புதிய அப்லோடர் முடிந்ததும் ரிலீஸ் பில்டை நீங்களே ஐஎல்ஸ்பையில் திறந்து பாருங்கள். இன்ஸ்டாலருக்குள் ஆப்செட்டிங்ஸ் ஜேசான் ஃபைல் தவறிப்போய் வந்திருக்கிறதா, அதில் டேட்டாபேஸ் கனெக்ஷன் ஸ்டிரிங் இருக்கிறதா என்றும் பாருங்கள். சி ஷார்ப் ஆப்களில் நான் அதிகம் கண்டெடுப்பது அங்கேதான்.

#15 நெல்லை_ஸ்டூடியோ

தம்பிகளா, தங்கச்சி, நல்ல காரியம் செய்கிறீர்கள். என்னுடைய லேபில் நான் என்ன கேட்க வேண்டும்? டோக்கன், ஹாஷ் என்றெல்லாம் கேட்டால் அவர்களும் குழம்புவார்கள், நானும் குழம்புவேன். அப்புறம் சட்டப்படி இதற்கு யார் பொறுப்பு, லேபா நானா?

#16 தாழ்_திறவு

இரண்டு கேள்வி போதும் அண்ணாச்சி. "என் ஸ்டூடியோவின் லாகினை மட்டும் இன்றைக்கு நிறுத்த முடியுமா, மற்றவர்களுக்குத் தொந்தரவு இல்லாமல்?" என்று கேளுங்கள். முடியாது என்றால் எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்டு. அடுத்து, "நான் ஏற்றிய ஃபைலை நானே திரும்ப டவுன்லோடு செய்ய முடிகிறதே, மற்றவர்களும் செய்ய முடியுமா?" என்று கேளுங்கள்.

சட்டம்: 2023ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கடமைகள் படிப்படியாக அமலுக்கு வருகின்றன. அந்தச் சட்டப்படி, தரவை எதற்காக, எப்படிக் கையாள்வது என்று முடிவு செய்பவர்தான் பொறுப்பு, தன் சார்பில் வேலை செய்ய வேறொருவரிடம் கொடுத்திருந்தாலும். கல்யாண வீட்டுக்காரர் உங்களிடம் தந்தார், நீங்கள் லேபிடம் தந்தீர்கள். அதனால் லேபைக் கைகாட்டிவிட்டு நீங்கள் ஒதுங்க முடியாது என்றே நான் படிக்கிறேன், வக்கீல் ஒருவரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். போதிய பாதுகாப்பு எடுக்காததற்கு உச்சபட்ச அபராதம் 250 கோடி ரூபாய். சின்ன ஸ்டூடியோவுக்கு அவ்வளவு போடுவார்கள் என்று அர்த்தமில்லை, ஆனால் லேபில் பேசும்போது எடுத்துச் சொல்ல உதவும்.

#17 நெல்லை_ஸ்டூடியோ

கேட்டுவிட்டேன். ஒரு லேபில் தனித்தனி லாகின்தான், நிறுத்தியே காட்டினார்கள். இன்னொரு லேபில் முடியாது என்றார்கள். அந்த லேபுக்குக் கொடுக்க வேண்டிய ஆல்பங்களைப் பென்டிரைவில் போட்டுப் பஸ் பார்சலில் அனுப்பிவிடலாம் என்று இருக்கிறேன்.

#18 தாழ்_திறவு

பென்டிரைவ் என்றால் பிட்லாக்கர் (விண்டோஸின் டிரைவ் பூட்டு) போட்டு அனுப்புங்கள் அண்ணாச்சி. பூட்டுவதற்கு உங்கள் கம்ப்யூட்டரில் விண்டோஸ் ப்ரோ இருக்க வேண்டும், லேபில் ஹோம் எடிஷன் இருந்தாலும் பாஸ்வேர்டு போட்டுத் திறந்துகொள்ளலாம். அந்த பாஸ்வேர்டைப் பார்சலுக்குள் எழுதி வைக்காமல், பென்டிரைவ் போய்ச் சேர்ந்ததும் போனில் சொல்லுங்கள்.